கடற்கரைக்கோர் ஆற்றுப்படை

சென்னைக்குச் செல்லும் நம்மவர் தொகை மீண்டும் பெருகி வருகின்றது. பலாலியிலிருந்து 2019ஆம் ஆண்டிலே தொடங்கிய விமானப் போக்குவரத்து, நோய்ப்பரவற் காலத்தில் நின்று, 2022 மார்கழியில் மறுபடியும் உயிர்பெற்றது. காலையுணவை வீட்டில் உண்டவர் அன்று மாலையே மெரீனாக் கடற்கரையிற் காற்று வாங்கலாம் என்னும் நிலை வந்துவிட்டது. ஆசிரியர் குழுக்களும், பண்டித வகுப்பு மாணவரும், பல்கலைக்கழகத்தாரும் இப்பயணத்தை மேற்கொள்கின்றனர். புறப்படுமுன் அவருட் சிலர் என்பால் வந்து வினாவும் வினா ஒன்றுண்டு: "ஐயா, மெரீனாவைப் பார்ப்பதற்கு எந்தச் சுற்றுலாவிற் சேர்வது? வழிகாட்டி வேண்டுமா, வேண்டாமா?"

இவ்வினா இலக்கியப் பக்கத்தில் ஆராய்தற்குரியதன்று என எண்ணுவாரும் இருத்தல் கூடும். யான் அவ்வாறு கருதுகிலேன். எம்மிடம் பயிலும் மாணவர் பலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். தாயின் காப்பு அடகுக்குப் போயும், தமையன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் மிச்சம் பிடித்தும் புறப்படுகின்றவர்கள். அவருட் பலர்க்கு இது வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பயணம். அந்த ஒருமுறையில் அக்கடற்கரையை அவர்க்குக் காட்டுவார் யார் என்பது சிறு விடயமோ? கண்ணாற் கண்டது சில நாளில் மங்கும். காட்டியவர் சொன்ன சொல்லோ நெஞ்சிற் பதிந்து, பின்பு வகுப்பறையிலும் வாசிகசாலையிலும் மற்றவர்க்கு எடுத்துரைக்கப்படும். பொய்யுரைத்தவன் ஒருவன், அதனைப் பரப்புவார் நூற்றுவர்.

தமிழர்க்கு இவ்விடயத்தில் அளவுகோல் இல்லாமலில்லை. வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படை. அவற்றிலே வழி கூறுவான் யார்? முன்னர்த் தான் அவ்வழி நடந்து, வள்ளலைக் கண்டு, பரிசில் பெற்று மீள்பவன். யாருக்குக் கூறுகின்றான்? தன்னைப்போலவே வறுமையுற்று எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு. திருமுருகாற்றுப்படை வீடுபேற்றுக்கு வழிகூறுவதாதலின் அதனை வேறாக வைத்துக்கொண்டு, ஏனையவற்றை நோக்குக. இந்த நிலத்தில் இன்னார் வாழ்வர், அவர் உமக்கு இன்ன உணவு தருவர், இந்த இடத்தில் வழி பிரியும் என்றெல்லாம் அவன் விரித்துரைப்பான். மலைபடுகடாத்திலே தினைப்புனம் காப்போர் கவணிலிருந்து வீசும் கல்லுக்கும், வழுக்கும் பாறைக்கும், பாம்புக்கும், பன்றிக்கு வைத்த பொறிக்கும் அஞ்சி நடக்குமாறு எச்சரிக்கை வருகின்றது. சிறுபாணாற்றுப்படையிலே, இன்றைய சென்னைக்குத் தெற்கேயுள்ள கரையில் வாழ்ந்த நுளையர் மனையிற் கிடைக்கும் தேறலும் மீனும் கூடச் சொல்லப்படுகின்றன. இவற்றிலிருந்து நல்ல வழிகாட்டிக்கு மூன்று இயல்புகளை நாம் எளிதிற் பிரித்தெடுக்கலாம். தான் நடந்த வழியையே அவன் கூறுவான், வழியிலுள்ள மாந்தரை விட்டுவிடான், இடர்களை மறையான். இன்றைய சுற்றுலாக்களை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

சென்னையிலே பெரும்பாலார் சேர்வது நகர் முழுவதையும் ஒரே பகலிற் காட்டி முடிக்கும் பஸ் வண்டிச் சுற்றுலா. கோட்டை, நூதனசாலை, கோவில், தேவாலயம் எனப் பல இடங்களுக்கு நடுவே கடற்கரைக்கும் அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பர். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆசிரியர் குழுவொன்றுடன் யானும் அத்தகைய வண்டியொன்றிற் சென்றேன். ஒழுங்கு செய்தவர் வேறொருவர். வண்டியில் நின்றுகொண்டு ஒலிபெருக்கியிற் பேசிய இளைஞர் இனிய குரலுடையவர், நகைச்சுவையும் அறிந்தவர். கடற்கரை கண்ணிற் பட்டதும் அவர் முதலில் உரைத்தது, "உலகிலேயே இரண்டாவது நீளமான கடற்கரை இது" என்பதாகும். வண்டியிலிருந்தோர் வியந்தனர், சிலர் குறித்தும் கொண்டனர். இக்கூற்றைத் தமிழகத்தார் பலர் வாயிலாகவும் யான் கேட்டிருக்கின்றேன். பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளிலும் கண்டிருக்கின்றேன். வங்காளதேசத்துக் கொக்ஸ் பஜார்க் கடற்கரை ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நீளமுடையது. பிறேசிலின் தென்கோடியிலுள்ள கசீனோக் கடற்கரை 200 கிலோமீற்றரையும் கடந்து செல்வது. மெரீனாவோ, கோட்டைப் பக்கத்திலிருந்து தெற்கே பெசன்ற் நகர் வரையும் நீட்டி அளந்தாலும் ஒரு நீண்ட நடைக்குள் அடங்குவது. ஒரு நகரத்தின் நடுவே இத்துணை அகன்று கிடக்கும் மணற்பரப்பு அரிது என்று சொன்னாற் போதாதா? இல்லாத பெருமையைச் சுமத்துவோர் இருக்கும் பெருமையைக் காண மாட்டாதவர். எனவே, வழிகாட்டி ஒருவரை அமர்த்துமுன் இந்த நீளத்தைப் பற்றி ஒரு வினா வினாவுக என்றே மாணவர்க்குக் கூறி வருகின்றேன். 'இரண்டாவது' என்று விடை வருமாயின், வணக்கம் கூறி விலகிவிடலாம்.

இனி, கேட்க வேண்டிய அடுத்த வினா: இந்த மணல் எங்கிருந்து வந்தது?

இதனை வினாவுவார் மிகச் சிலர். ஆயினும் அக்கடற்கரையின் வரலாறு முழுவதும் இவ்வினாவினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. பலகைகளைக் கயிற்றாற் பிணித்துத் தைத்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே அலையைக் கடந்து ஆளையும் பொருளையும் கரை சேர்த்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டுப் புயல் அந்த வேலையைச் சிதைத்தது, மீளவும் கட்டினர். இந்தியாவின் கீழ்க்கரை நெடுகிலும் அலையும் நீரோட்டமும் மணலை ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டு செல்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அச்செலவு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியதாகவே முடிகின்றது. கடலினுள்ளே நீட்டப்பட்ட துறைமுகச் சுவர் அச்செலவைத் தடுத்தது. தடையுற்ற மணல் சுவருக்குத் தெற்கே படியலாயிற்று. முன்னர் வீதியோரத்தை அடுத்து அலையடித்த இடம் படிப்படியாக அகன்ற மணல்வெளியாயிற்று. ஆகவே நாம் இயற்கையின் கொடை என்று வியக்கும் அப்பரப்பிற் பெரும்பகுதி மனிதன் கட்டிய சுவரின் விளைவு என்க.

இதன் மறுபாதியையும் கூறுபவரே நல்ல வழிகாட்டி. தெற்கே தங்கிய மணல் வடக்கே சென்றிருக்க வேண்டிய மணல். அது வாராமையால் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள கரையைக் கடல் அரித்தது. வீடுகளும் தெருக்களும் அழிந்தன. கருங்கல்லைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. வடசென்னையிலே கரையிழந்த மீனவருடைய நிலமும், மெரீனாவில் நாம் சுண்டல் உண்டு அமர்ந்திருக்கும் மணலும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். பஸ் வண்டி வடக்கே போவதில்லை. போனாலும் அங்கு இறங்கிப் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது என்றே கேட்பர். (சுண்டல் என்றதும் நினைவு வருகின்றது: அங்கே சென்று 'கச்சான்' கேட்கும் நம் பிள்ளைகளை விற்பவர் விழித்துப் பார்ப்பர். அங்கு அதன் பெயர் வேர்க்கடலை. கச்சான் என்பது அக்கரையிலும் நம் கீழைக்கரையிலும் மேற்குத் திசைக் காற்றின் பெயர். இச்சொல்லை அங்குள்ள கடற்றொழிலாளரிடம் கூறிப் பாருங்கள். உடனே உரையாடல் தொடங்கிவிடும்.)

பெயரைப் பற்றியும், கட்டடங்களைப் பற்றியும் எவரும் ஏதோ கூறிவிடுவர். அவற்றை விரைந்து கடக்கலாம். ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் 1884ஆம் ஆண்டிலே கரையோரமாக நடைவீதி அமைத்து, தாம் சிசிலித் தீவிலே கண்டு மகிழ்ந்த இடத்தின் நினைவாக 'மெரீனா' என்னும் இத்தாலியச் சொல்லைச் சூட்டினார். வீதியின் மறுபுறத்தே பல்கலைக்கழகத்துச் செனற் மண்டபம், மாநிலக் கல்லூரி, நவாப்பின் சேப்பாக்க மாளிகை என்பன நிற்கின்றன. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842இற் கட்டப்பட்ட வட்டமாளிகையும் உண்டு. அம்மாளிகையிலேதான் 1897ஆம் ஆண்டு மாசியில் விவேகானந்த அடிகள் தங்கினார். மேனாட்டிலிருந்து மீண்ட அவர் முதலில் இறங்கியது கொழும்பு. யாழ்ப்பாணத்திலும் பேசிய பின்னரே பாம்பனுக்குக் கடல் கடந்தார். இந்தத் தொடர்ச்சியைச் சென்னை வழிகாட்டி கூறாவிடினும் குற்றமில்லை. நம் மாணவர் அறிந்து செல்லல் வேண்டும்.

தெற்கு முனையிலே வெளிச்சவீடு உண்டு. 1977ஆம் ஆண்டிலிருந்து ஒளி தருகின்றது. அதன் அடியில் நிற்கும்போது, பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்றுத் துறையிலே கப்பல்களை இரவில் அழைப்பதற்காக உயர்ந்த மாடத்தில் ஏற்றப்பட்ட தீச்சுடரை மாணவன் ஒருவன் தானாகவே நினைவு கூர்வானாயின், அவனுக்குப் படிப்பித்த ஆசிரியர் பயன் பெற்றவர் ஆவார்.

சிலைகளிடத்துச் சற்றுத் தங்குவோம். 1968 தையிலே சென்னையில் நடைபெற்ற இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அக்கரையிலே திருவள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோவடிகள், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப்பையர், பாரதியார், பாரதிதாசன் முதலியோர்க்குச் சிலைகள் எடுக்கப்பட்டன. வழிகாட்டிகள் இவர்தம் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பர், நிழற்படம் எடுக்கச் சொல்வர், வண்டி புறப்படும். அம்மாநாடு யாருடைய முயற்சியின் கிளை என்பதை யான் கேட்ட வழிகாட்டிகளுள் ஒருவரும் சொல்லக் கேட்டிலேன். 1964இலே புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றவர் நம் நாட்டுத் தனிநாயக அடிகளார். 1966இற் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தியவரும் அவரே. அவ்வித்து இல்லையேல் அம்மாநாடு இல்லை. மாநாடு இல்லையேல் அச்சிலை வரிசை அவ்வாண்டிலே அவ்வாறு எழுந்திராது. அதே வரிசையில் நான்காவது மாநாடு 1974 தையிலே யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததும், அதன் இறுதி நாளில் ஒன்பது உயிர்கள் பலியானதும் நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. மெரீனாவிற் சிலைகளின் முன் நிற்கும் நம் மாணவன் இவ்விரண்டையும் சேர்த்தே காண்பான். காணாவிடிற் குறை அவனிடத்தது.

அங்கு எடுக்கப்பட்ட அச்சிலைகளுள் ஈழத்தறிஞர் எவருக்கும் சிலை இல்லை. இதனைச் சொல்லி நம்மவருட் சிலர் மனம் வருந்துவர்; சிலர் சினப்பர். சினத்தால் ஆவதொன்றில்லை. வீதியின் மறுபுறத்துப் பல்கலைக்கழகத்தைச் சுட்டிக் காட்டுக. 1857இலே நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் என்பது வரலாறு. சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1887இற் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். அண்மையிலே மாநிலக் கல்லூரி வளாகத்தில் உ. வே. சாமிநாதையரின் சிலை கடலை நோக்கி நிற்கின்றது. அவர் 1903 முதல் 1919 வரை அக்கல்லூரியிற் கற்பித்தவர். ஐயரைப் பற்றிச் சிறந்த வழிகாட்டிகள் அழகாகப் பேசுவர். அவ்விடத்திலே தாமோதரம்பிள்ளையின் பெயரையும் பணிவாக நினைவூட்டுக. உண்மையான வழிகாட்டி மகிழ்ந்து குறித்துக்கொள்வார். மறுமுறை மற்றொரு கூட்டத்துக்கும் சொல்வார். நினைவூட்டலைக் குறுக்கீடாகக் கருதி முகம் சுளிப்பவரிடமிருந்து நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. சென்னை நகரின் கதைகளைத் திரட்டித் தந்து 2019இல் மறைந்த எஸ். முத்தையா அவர்கள் இளமையிற் பல ஆண்டுகள் கொழும்பிலே பத்திரிகைப் பணி புரிந்தவர். இன்று அங்கே வரலாற்று நடைகளை நடத்தும் பலர்க்கு அவருடைய நூல்களே கைவிளக்கு. கடல் ஒன்றுதான் இடையில் உள்ளது, கதை பிரிந்ததில்லை.

கண்ணகி சிலையைக் குறித்தும் ஒரு சொல். அது 2001 மார்கழியில் அகற்றப்பட்டு, 2006 ஆனியில் மீண்டும் நிறுவப்பட்டது. பெரும்பாலான வழிகாட்டிகளுக்குக் கண்ணகி என்றால் இந்த அரசியல் வழக்கு மட்டுமே. எந்தக் கட்சி அகற்றியது, எந்தக் கட்சி நிறுவியது என்பதில் அவர்க்குப் பேரார்வம். கடற்கரையிலே கண்ணகியைப் பற்றிப் பேசுவதற்கு வேறு பொருள் இல்லையா? கோவலன் மாதவியோடு புகாரின் கடற்கரைக்குச் சென்று, யாழெடுத்துப் பாடிய கானல்வரியினாலேயே பிரிந்தான். அப்பிரிவே கண்ணகியை மதுரைக்கு இட்டுச் சென்றது. ஆகவே கதை திரும்பும் களம் ஒரு நகரத்துக் கடற்கரை. மேலும், மட்டக்களப்புப் பகுதியிலே வைகாசி தோறும் குளிர்த்தி பாடி வழிபடப்படும் அம்மன் அவள்; சிங்கள மக்களிடத்துப் பத்தினித் தெய்யோ. சிலம்பின் நூலாசிரியர் கடல்சூழ் இலங்கைக் கயவாகுவை மறவாது குறித்தார். நம் மாணவர் அங்கு நிற்கும்போது பார்ப்பவர் மட்டுமல்லர், சொல்லுதற்கும் உரிமையுடையவர்.

அரசியல் தலைவர்களின் நினைவிடங்களைப் பற்றி விரித்தெழுதேன். அண்ணாத்துரை 1969இலும், எம். ஜி. இராமச்சந்திரன் 1987இலும், செல்வி ஜெயலலிதா 2016இலும், மு. கருணாநிதி 2018இலும் அக்கரையில் அடக்கம் பெற்றனர். கூட்டம் எப்பொழுதும் அங்கேதான் மிகுதி. இராமச்சந்திரனின் நினைவிடத்திற் காதை வைத்து அவருடைய கைக்கடிகாரத்தின் ஒலியைக் கேட்க முயல்வோரை இன்றும் காணலாம். அவர் நம் மலையகத்து நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்பதை அறிந்தவர் அவருட் சிலரே. வழிகாட்டி தமக்குரிய நேரம் முழுவதையும் இங்கே செலவிட்டுவிடுவாராயின், உழைப்பாளர் சிலைக்கு நேரமிராது. பாறையொன்றைப் பெயர்த்துத் தள்ளும் நால்வரை வார்த்து, 1959இலே தேவி பிரசாத் ராய் சௌதுரி அமைத்த அச்சிலை அக்கரையின் சிலைகளுள் உயிர்ப்பு மிக்கது என்பது என் துணிபு. 1923 மே முதலாம் நாள் இந்தியாவிலே முதன்முதலாக மேதினத்தைக் கொண்டாடியவர் ம. சிங்காரவேலர்; அந்நாளின் கூட்டங்களுள் ஒன்று இக்கரையைச் சார்ந்த திருவல்லிக்கேணிக் கடற்கரையிலே நிகழ்ந்தது. அவர் 1860இற் பிறந்த அயோத்தியாகுப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு இன்றும் அங்கே உண்டு.

குடியிருப்பு என்றேன். என் கருத்திற் சுற்றுலாவின் தரத்தை இறுதியாகத் தீர்மானிப்பது இதுவே. மெரீனாவின் தென்பகுதியிலே நொச்சிக்குப்பம், நடுக்குப்பம் முதலிய ஊர்கள் உள்ளன. துறைமுகம் தோன்றுமுன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையோடு போராடியவர்கள் இத்தகைய கரையூர் மக்களே. மற்றவர்க்கெல்லாம் அக்கரை உலாவுமிடம். இவர்க்கு வள்ளம் ஏற்றுமிடம், வலை உலர்த்துமிடம், மீன் விற்குமிடம். கடற்கரையை அழகுபடுத்துவோம் என்று நகரம் எண்ணும்போதெல்லாம் முதலில் அழகற்றவையாகத் தோன்றுவன இவர்தம் வலையும் வள்ளமுமே. 1985இல் அவற்றை அகற்ற முற்பட்டபோது மோதல் எழுந்து உயிர்களும் போயின. 2023 சித்திரையிலே வீதியோரத்து மீன்கடைகளை அகற்ற வேண்டும் என்ற வழக்கு நீதிமன்றத்தில் எழுந்தபோது அப்பெண்கள் மீனுடன் வீதியில் அமர்ந்து மறியல் செய்தனர். மறுவருடம் நொச்சிக்குப்பத்திலே புதிய சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டது. 2004 மார்கழி 26ஆம் நாட் காலை ஆழிப்பேரலை முதலில் வந்து சேர்ந்ததும் இவர் வாயிலுக்கே. அதே காலையில் நம் முல்லைத்தீவுக்கும் மருதமுனைக்கும் வந்தது.

பட்டினப்பாலை புகாரின் பெருமையைப் பாடும்போது பண்டகசாலையையும், அங்கே வந்திறங்கிய ஈழத்து உணவையும் மட்டும் கூறி நின்றுவிடவில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, அந்நாளிற் கடலுக்குச் செல்லாது உண்டும் ஆடியும் இருந்த பரதவரையும் விரித்துப் பாடியது. நெய்தலை வகுப்பிலே கற்பிக்கும் நாமோ, கருப்பொருள் என்று பட்டியலிட்டுக் கரும்பலகையில் எழுதுவதோடு நின்றுவிடுகின்றோம். வாடையும் கொண்டலும் கச்சானும் இன்னும் உயிரோடு வழங்கும் வாய்கள் கரையிலே இருக்கின்றன. ஆகையால், குப்பங்களை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துசெல்லும் சுற்றுலாவையும் வேண்டேன். அங்கே வாழ்வோரைக் காட்சிப் பொருளாக்கி, கேளாமலே வீட்டினுள் நிழற்படம் எடுக்கவிடும் சுற்றுலாவையும் வேண்டேன். அவ்வூரைச் சேர்ந்த ஒருவரே முன்னின்று நடத்தும் நடையாக, அல்லது அவர்க்கு உரிய கூலியும் மதிப்பும் கொடுத்து அவரைப் பேசவிடும் நடையாக இருத்தல் வேண்டும். தான் நடந்த வழியைத் தானே கூறும் பாணன் அவரன்றி வேறு யார்?

"இத்தனை ஆராய்ச்சி எதற்கு? வழிகாட்டியே இன்றித் தனியே உலாவிவிட்டு வந்தால் என்ன?" என்று கேட்பார்க்கும் விடை கூறல் வேண்டும். மாலைக் காற்றுக்காகச் செல்வோர் அவ்வாறே செய்க. அதற்கு வழிகாட்டி மிகை. கற்றுவரச் செல்வோர்க்கு அது போதாது. மணல் தன் வரலாற்றைத் தானே கூறாது. சிலையின் பீடத்திலுள்ள எழுத்தும் பாதியே கூறும். மற்றொன்று, கடல். அக்கரையிலே நீரின் உள்ளிழுப்பு வலியது. குளித்தல் தடை செய்யப்பட்டிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர் உயிரிழக்கின்றனர். கீரிமலைக் கேணியிலும் காரைநகர்க் கசூரினாவின் ஆழமற்ற நீரிலும் பழகிய நம் பிள்ளைகள் அவ்வலையை எளிதாக எண்ணிவிடுவர். முழங்காலளவு நீரில் நின்றுகூட விளையாட வேண்டாம் என முதலிலேயே சொல்லாத வழிகாட்டி எத்துணைக் கற்றவராயினும் அவரை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைத்தலாகாது. மலைபடுகடாம் பாடியவர் இவ்விடயத்தில் எம் பக்கம்.

மொழியைப் பற்றியும் கூறிவிடுகின்றேன். ஆங்கிலத்தில் நடத்தும் நடைகளே உயர்ந்தவை என்னும் எண்ணம் நம்மவரிடத்து மிகுதி. கட்டணமும் அவற்றுக்கே கூடுதல். ஆங்கிலத்திற் பேசும் வழிகாட்டிகளுள் ஆழ்ந்து கற்றோர் பலர் இருக்கின்றனர் என்பதை மறுக்கமாட்டேன்; வரலாற்று நடைகளிற் சிறந்தவை சில அம்மொழியிலேயே நிகழ்கின்றன. ஆயினும் தமிழ் கற்கும் மாணவர் குழு, தமிழ்ச் சிலைகளின் முன்னே, தமிழ் பேசும் மீனவரின் நடுவே, மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டு நிற்பது பொருந்துமா? தமிழில் நடத்துமாறு முன்னரே கேட்டுக்கொண்டால் இசைவோர் பலர் உளர். குழு பெரிதாயின் இரண்டாகப் பிரிக்க. இருபதின்மருக்கு மேற்பட்டால் பின்வரிசையிலுள்ளவன் காதில் அலையோசையே விழும். காலம் விடியற்காலையே, ஒன்பது மணிக்குப் பின்னர் அம்மணலில் நடப்பதற்கு மாணவர் உடன்படினும் ஆசிரியர் உடன்படார். ஆவணி மாதத்திற் செல்வோர்க்கு ஒரு நன்மை உண்டு. 1639 ஆவணி 22ஐ நகரின் பிறந்தநாளாகக் கொண்டு, 2004ஆம் ஆண்டு முதல் அந்நாளை ஒட்டி வரலாற்று நடைகள் பல நடைபெறுகின்றன. கட்டணமின்றிச் சேரத்தக்கனவும் அவற்றுட் சில.

தை தொடங்கிப் பங்குனி வரையுள்ள காலத்திற் செல்லும் இளைஞர்க்கு மற்றொன்றையும் பரிந்துரைப்பேன். அக்காலத்திற் கடலாமைகள் முட்டையிடுதற்காக இரவிலே கரையேறும். 1988 முதல் மாணவர்களே கூடி நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பொன்று, நீலாங்கரைப் பக்கத்திலிருந்து பெசன்ற் நகர் நோக்கி நள்ளிரவு நடைக்குப் பொதுமக்களையும் அழைத்துச் செல்கின்றது. மெரீனாவுக்குச் சற்றுத் தெற்கேயுள்ள கரை அது. ஒலிபெருக்கி இல்லை, விளக்கும் அருகியே. ஆமை கிட்டாத இரவுகளும் உண்டென்று அவர்களே முன்னரே சொல்லிவிடுவர். கால்கள் மணலில் விடியும் வரை நடக்க வேண்டியிருத்தலின் மூத்த ஆசிரியர் விடுதியிலே தங்கி, மாணவரை மட்டும் அனுப்புதல் தகும்.